நன்மைகளைச் சொல்ல முடியாமல் போன வருஷம்

அன்பான சகோதர சகோதரிகளே,

1956ஆம் வருஷம் எனக்கு மூன்று நன்மைகள் நடந்தன. ஆம்பூரில் நான் வேலை செய்த, தோல் பதனிடுகிற ஷாப்பில் என்னை மேஸ்திரி ஆக்கினார்கள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. சபைக் கமிட்டியில் என் பெயரைச் சேர்த்தார்கள். "சகாயத்துக்கு இந்த வருஷம் கர்த்தர் வாரி வழங்கிட்டார்" என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அந்த வருஷத்தைப் போல ஒரு நரகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பெருமைக்காக இதை எழுதவில்லை. பெருமைப்பட இதில் ஒன்றும் கிடையாது.

எங்கள் ஷாப்பு முதலாளி முஸ்லிம். வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டு. நானும் கரீம் பாயும் தண்ணீர்த் தொட்டி வேலைக்காரர்கள். உப்பு போட்டு வரும் ஆட்டுத்தோலை முதலில் வெறும் தண்ணீரில் ஊறப் போடுவோம். கோடையில் ஒரு நாள் ஊறினால் போதும். உடனே தூக்கிச் சுண்ணாம்புக் குழியில் போட்டுவிட வேண்டும். விட்டால் அழுகிவிடும். தோலுக்குப் பண்டிகையும் தெரியாது, ஞாயிறும் தெரியாது. ஆகையால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். ஞாயிறு காலையில் நான் ஆராதனைக்குப் போனால் என் தொட்டியைக் கரீம் பாய் பார்த்துக்கொள்வார். ரம்ஜானுக்கும் பக்ரீத்துக்கும் அவருடைய தொட்டியை நான் பார்ப்பேன். ஆறு வருஷமாக அப்படித்தான் நடந்தது. எழுத்தும் கிடையாது, சாட்சிக்கு ஆளும் கிடையாது. வாயால் சொன்னால் சொன்னதுதான்.

அந்த வருஷம் ரம்ஜான் சித்திரைக் கடைசியில் கொதிக்கிற வெயிலில் வந்தது. நோன்பு முடிகிற சமயம். சாயங்காலம் கரீம் பாய் என்னிடம் வந்தார்.

"சகாயம், இன்னிக்குப் பிறை தெரிஞ்சா நாளைக்குப் பெருநாள், நான் வரமாட்டேன். காலையில என் தொட்டியை நீ தூக்கிடு. தெரியலன்னா நானே வந்து தூக்கிக்கறேன்."

"சரி பாய், நீங்க போங்க" என்றேன்.

அன்று என் மைத்துனன் குடியாத்தத்தில் புது வீடு குடிபோகிறான். என் தொட்டி காலியாக இருந்ததால் நானும் என் மனைவி ரூத்தும் பஸ் ஏறிப் போனோம். அங்கே வானத்தை அண்ணாந்து பார்த்தேன். ஒரே மேகம். பிறை தெரியவில்லை. சரி, நாளைக்குக் கரீம் பாயே பார்த்துக்கொள்வார் என்று நானே முடிவு கட்டிப் படுத்துவிட்டேன். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள் காலையில் தெருவில் புதுச் சட்டையும் அத்தர் வாசனையுமாக ஆட்கள் தொழுகைக்குப் போனார்கள். பெருநாள் இன்றைக்குத்தான் என்று புரிந்துவிட்டது. அப்போதே பஸ் பிடித்திருந்தால் பத்து மணிக்குள் ஷாப்புக்குப் போயிருப்பேன். மைத்துனன் ஆட்டுக்கறி வாங்கி வந்திருந்தான்.

"இன்னாங்க, உங்களுக்கு இன்னிக்கு வேல இல்லியா?" என்று ரூத் கேட்டாள்.

"பாய் யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போயிருப்பாரு" என்றேன்.

சொன்னது என்னிடம்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தும் சொன்னேன். கறிச் சோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். பண்டிகைக்கு இரண்டு நாள் ஷாப்பு விடுமுறை; தொட்டி வேலைக்கு மட்டும் காவல்காரன் கதவைத் திறந்துவிடுவான். மூன்றாம் நாள்தான் போனோம்.

தொட்டிப் பக்கம் போவதற்கு முன்பே நாற்றம் வந்தது. கையால் தூக்கினால் தோல் பிய்ந்து பிய்ந்து வந்தது. தொட்டி நிறைய ஒரு தோல்கூடத் தேறவில்லை. முதலாளி வந்தார். வேலைக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"யார்கிட்ட சொல்லிட்டுப் போனே?" என்று கரீம் பாயைக் கேட்டார்.

"சகாயத்துகிட்ட."

முதலாளி என்னைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷத்தில் என் வேலை, வீடு, மனைவி எல்லாம் கண் முன்னால் வந்தது. வாய் தானாகத் திறந்தது.

"எங்கிட்ட யாரும் சொல்லல, முதலாளி."

கரீம் பாய் என்னைப் பார்த்தார். கோபம்கூட அவர் முகத்தில் இல்லை. தான் கேட்டது சரிதானா என்று பார்ப்பது போலப் பார்த்தார். முதலாளி சொன்னதைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "சகாயம் ஜெபம் பண்றவன். அவன் பொய் சொல்லமாட்டான்" என்றார்.

அன்றே கரீம் பாயை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவருக்கு வரவேண்டிய மேஸ்திரி வேலை அடுத்த மாதம் எனக்கு வந்தது.

அதற்குப் பிறகு நான் எப்படி வாழ்ந்தேன் என்று எழுதவே கை கூசுகிறது. கரீம் பாய் வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலாவது சந்தில் இருந்தது. அந்தத் தெரு வழியாகப் போக முடியாமல் ரயில் பாதையைத் தாண்டி, பாலாற்று மணலில் இறங்கி ஏறி, ஒரு மைல் சுற்றி வேலைக்குப் போனேன். கடைத்தெருவில் அவர் வருவது தெரிந்தால் ஏதாவது ஒரு கடைக்குள் நுழைந்துவிடுவேன். வேண்டாத சாமானை விலை கேட்டுக்கொண்டு நிற்பேன். இதற்கிடையில் சபையில் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. மேஸ்திரி என்பதால் ஞாயிறு முழுக்க விடுமுறை, முன் வரிசையில் இடம். "உண்மைக்குக் கிடைத்த பலன்" என்று எங்கள் போதகர் ஐயர் என்னைக் காட்டியே ஒருமுறை பேசினார். எழுந்து வெளியே ஓடிவிடலாம் என்றிருந்தது. ஓடினால் ஏன் ஓடினாய் என்று கேட்பார்கள். அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜெபித்தேன். ஜெபிக்காமல் ஒரு நாளும் இல்லை. ஆனால் என் ஜெபத்தைக் கேளுங்கள். "ஆண்டவரே, கரீம் பாய்க்கு வேற ஊரில் இதைவிட நல்ல வேலை கொடும்." அவர் கண்ணில் படாமல் போனால் எனக்கு நிம்மதி. அவருக்கு நல்லது கேட்பது போல எனக்கு நல்லது கேட்டேன். நல்ல வேலை கிடைக்கவில்லை. தோல் பதனிட வருகிற ஆவாரம்பட்டை மூட்டை தூக்கப் போனார். முதுகெல்லாம் தோலுரிந்திருந்தது என்று ஒருவர் என்னிடமே வந்து சொன்னார்.

பக்ரீத் வந்தது. ரூத் அப்போது ஏழு மாதம். வாசலில் கரீம் பாய் மனைவி ஜமீலா நின்றாள், கையில் மூடிய பாத்திரம். நான் பின்கட்டுக்கு ஓடிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். என் வீட்டில் நானே திருடனைப் போல.

"அக்கா, வருஷா வருஷம் உங்க வீட்டுக்குக் கறிப் பங்கு வருமே. வயித்துப் புள்ளக்காரி இருக்கற வீடு, கொண்டுபோய்க் குடுன்னு அவர்தான் அனுப்பினார்."

"அவர் எப்படி இருக்கார், ஜமீலா?" என்று ரூத் கேட்டாள்.

"இன்னாத்த சொல்றது அக்கா. மூட்டை தூக்கறதுகூடப் பரவால்ல. எங்க மாமனார் அவர்கூடப் பேசறதில்ல. தோல் ஷாப்புல முப்பது வருஷம் பேர் எடுத்தவர் அவர். என் பேரைக் கெடுத்துட்டு, அடுத்தவன் மேல பழியும் போட்டான்னு சொல்லி, மகன் கையால தண்ணிகூட வாங்கறதில்ல. பேஜாரா இருக்கு அக்கா, வீடே வீடா இல்ல."

அவள் போன பிறகு ரூத் பாத்திரத்தை என் முன்னால் வைத்தாள். அதுவரை இந்தக் காரியத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"இதை நீங்க தின்னுவீங்களா?" என்றாள்.

நான் தொடவில்லை. அவளும் சாப்பிடவில்லை.

அன்றிலிருந்து ஜெபம் மாறியது. "ஒரு வழியைத் திறவும்" என்று கேட்டேன். வழி எனக்குத் தெரியாமல் இல்லை. முதலாளி அறை மாடியில் இருந்தது. அந்தப் படியில் நான்கு தடவை ஏறினேன். ஒரு தடவை அவர், "வா சகாயம், உன்னப்பத்திதான் பேசிட்டிருந்தோம்" என்று வெளியூர் வியாபாரிகள் முன்னால் என்னைப் புகழ்ந்தார். இன்னொரு தடவை பாதிப் படியில் என் கால் நின்றுவிட்டது. செப்டம்பரில் குழந்தை பிறந்தது. பிள்ளையைக் கையில் வாங்கின சந்தோஷம் முழுதாக ஒரு நாள்கூட நிற்கவில்லை. இவள் வளர்ந்து இதைக் கேள்விப்பட்டால் என்ற பயம் அதே கையில் வந்து உட்கார்ந்தது.

எங்கள் சபையில் டிசம்பர் கடைசி நாள் மத்தியானம் ஸ்தோத்திரக் கூட்டம் நடக்கும். வருஷம் முழுக்கப் பெற்ற நன்மைகளைக் குடும்பத்துக்கு ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். அந்த வருஷம் முதல் ஆளாக என்னைச் சொல்லச் சொன்னார் ஐயர். அன்று காலை பத்து மணிக்கே கோவிலுக்குப் போய் ஒருவரும் இல்லாத பெஞ்சில் முழங்கால் போட்டேன். அழுகை வந்தது. "ஆண்டவரே, அந்தப் படி என்னால் ஏற முடியவில்லை. இனிமேல் எந்த வழி என்று நான் சொல்லமாட்டேன். நீர் எதைச் செய்தாலும் சரி. இந்த வருஷத்தோடு இது முடியட்டும்" என்றேன். ஏழு மாதத்தில் நான் செய்த ஒரே நேர்மையான ஜெபம் அதுதான்.

மத்தியானம் கூட்டம் ஆரம்பித்தது. வருஷாவருஷம் அந்த நாளில் எங்கள் முதலாளி சபைக்குப் பழக்கூடை அனுப்புவார். குமாஸ்தாதான் கொண்டுவருவார். அன்று குமாஸ்தாவுக்குக் காய்ச்சல். நான் எழுந்து நின்று, "இந்த வருஷம் கர்த்தர் எனக்குச் செய்த நன்மைகள்" என்று ஆரம்பிக்கிறேன், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு முதலாளி தானே உள்ளே வருகிறார். ஐயர் எழுந்து நாற்காலி போட்டார். முதலாளி கூடையை மடியில் வைத்துக்கொண்டு, என் பேச்சைக் கேட்க என்னையே பார்த்து உட்கார்ந்தார்.

நான் ஏற முடியாத படியிலிருந்து அவரே இறங்கி என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார். இதைவிட எனக்கு என்ன பதில் வேண்டும்? சொல்லிவிட்டேன். பிறை, குடியாத்தம், கறிச் சோறு, அழுகின தொட்டி, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. முடிந்தபோது ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. ரூத் மட்டும் குழந்தையோடு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

முதலாளி கூடையை மேஜை மேல் வைத்தார். "கரீம்கிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

"இல்ல, முதலாளி."

"மொதல்ல அங்க போ" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

போனேன். கரீம் பாய் வாசலில் மூட்டைக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பக்ரீத்துக்குக் கறி அனுப்பினது உனக்கில்ல. உன் பொண்டாட்டிக்கு. அது தெரிஞ்சிக்கோ" என்றார்.

"தெரியும் பாய். என்னை மன்னிச்சிடுங்க."

"அந்த வார்த்த இப்ப எனக்கு வராது. உள்ள வா. எங்கிட்ட சொன்னத எங்க அப்பாகிட்ட சொல்லு."

உள்ளே கட்டிலில் பெரியவர் படுத்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். மூன்று தடவைகளில் அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. பெரியவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. கதவோரம் நின்ற மகனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உருதுவில், "சாப்ட்டியாடா?" என்று கேட்டார்.

கரீம் பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு குழந்தையைப் போல அழுதார்.

பிறகு நடந்தது கொஞ்சம்தான். கரீம் பாய் எங்கள் ஷாப்பில் மேஸ்திரி ஆனார். நான் பழையபடி தொட்டிக்குப் போனேன். கமிட்டியிலிருந்து நானே விலகினேன். கண்டிப்பான மேஸ்திரி அவர். மற்றவர்களைவிட என்னைத்தான் ஜாஸ்தி திட்டுவார். திட்டு வாங்கிக்கொண்டு நேர் வழியில் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குகிறேன். மன்னித்தேன் என்று அவர் இதுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது என்னைப் போல, ஊர் புகழ்கிற ஒரு வருஷத்துக்குள் மூச்சு முட்டிக் கிடந்தால், கர்த்தரைக் கூப்பிடுங்கள். அவர் கேட்கிறார். ஆனால் எந்தப் பக்கம் கதவைத் திறக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு நான் ஏழு மாதத்தை வீணாக்கினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். நாளைக்கு ஆகட்டும் என்றும் தள்ளாதீர்கள்.

கரீம் பாயின் அப்பா அதற்குப் பிறகு நாலு மாதம்தான் உயிரோடிருந்தார். அந்த நாலு மாதமும் மகன் ஊட்டத்தான் சாப்பிட்டார். எனக்கு நடந்த மூன்று நன்மைகளைவிட, அவர்களுக்குக் கிடைத்த அந்த நாலு மாதத்துக்காகவே நான் இன்றைக்கும் தினம் முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொல்லுகிறேன்.