டியூப்புக்குள்ள ஊத்துன பால்

ரப்பர் பால் உறையும்ங்கிறது எனக்குத் தெரியாதா? பன்னெண்டு வருசம் தோட்டத்துப் பால் ஸ்டோர்ல நின்னவன் நான். பாலுக்குப் பட்டையக் கீறி மரம் வெட்டுறவங்க வாளியில கொண்டாற பால நிறுத்து, தொட்டியில ஊத்தி, உறையாம இருக்க அமோனியா மருந்து கலந்து, லோரியில ஏத்தி அனுப்புறதுதான் என் பொழப்பு. கொஞ்சம் அசந்தாலும் தொட்டியில கட்டிப்பால் ஆயிரும். அப்புறம் தோட்டத்துக் கணக்குப் பாக்குற கிராணி வந்து என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவாரு. அப்படிப்பட்டவன்தான் இந்தக் காரியத்தப் பண்ணேன்.

எண்பதுகளோட தொடக்கம் அது. ஈப்போவுக்கு வெளிய, சுண்ணாம்பு மலைக்கு அந்தப் பக்கம் எங்க தோட்டம். என் வீட்டுக்காரி அதுவரைக்கும் மரம் வெட்டிக்கிட்டு இருந்தவ. அந்த வருசம்தான் டவுன்ல ஒரு தையல் பேக்டரியில வேல கெடச்சுது. காலையில ஏழு மணிக்கு உள்ள இருக்கணும். அந்நேரத்துக்குத் தோட்டத்துக்கு ஏது பஸ்? அவ அண்ணன் தன்னோட பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளக் குடுத்து, ஓட்டவும் சொல்லிக் குடுத்தாரு. நாங்க குடியிருந்த லயத்துல பொம்பளைங்களே வாயப் பொளந்து பாத்தாங்க. அவ ஒருத்தரையும் கண்டுக்கல. கிளம்பும்போது துப்பட்டாவ இழுத்து இடுப்புல சொருகிக்கிட்டு மிதிப்பா பாருங்க ஒரு மிதி, ஒரே மிதியில எஞ்சின் பேசும்.

மோட்டாரே பழசு, டயர் அதவிடப் பழசு. பூவெல்லாம் தேஞ்சு வழவழன்னு இருக்கும். எங்க செம்மண் ரோட்டுல முள்ளு, ஆணி, உடைஞ்ச பால் மங்கு எல்லாம் கெடக்கும். வாரத்துக்கு ரெண்டு பஞ்சர். பேக்டரியில மூணு மாசம் பாத்துட்டுதான் வேலைய நிரந்தரம் பண்ணுவாங்களாம், அதுக்குள்ள மூணு தடவ லேட்டா வந்தா அவ்வளவுதானாம். அவ ரெண்டு தடவ லேட்டாயிட்டா. ரெண்டாந்தடவ சாயங்காலம் வந்தவ வாசல்ல உக்காந்து, "இன்னும் ஒண்ணு. அப்புறம் நான் மறுபடியும் கத்தியும் வாளியுமா ரப்பர்க் காட்டுக்குத்தான்"னா. அழல. அழுதிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது.

நான் ஏதாவது பண்ணணும்னு துடிக்கிறேன். ஆனா அவ மோட்டார்ல நான் கைய வைக்கக் கூடாதுன்னு உத்தரவு. ஒரு தடவ செயின இறுக்குறேன்னு போயி அத்து எடுத்துட்டேன். "இனிமே என் மோட்டார்ல கைய வைங்க, அப்புறம் தெரியும் சேதி"ன்னுட்டா.

அந்தச் சமயத்துலதான் குனோங் ராபாட்ல இருக்குற எங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்துலயே ஒரு சீனத் தவ்கே, அதான் மொதலாளி, அவரோட டயர் கடை. அங்க ஒரு போத்தல் வச்சிருந்தாரு. வெள்ளையா இருந்துச்சு. டியூப்புல ஊத்திட்டா சின்ன ஓட்டையெல்லாம் தானா அடைஞ்சிரும்னாரு. மூடியத் தொறந்து மோந்து பாத்தேன். சுரீர்னு மூக்குல ஏறி கண்ணுல தண்ணி வந்துருச்சு. அட, அமோனியா! எங்க பால்! எங்க தோட்டத்துச் சமாச்சாரத்தையே போத்தல்ல அடைச்சு எங்ககிட்டயே காட்டுறாருன்னு எனக்கு ஒரே சிரிப்பு. அந்தப் போத்தலுக்குள்ள பாலோட இன்னும் என்னென்ன கலந்திருக்காங்கன்னு யோசிக்கத் தோணல. பால் எனக்குத் தெரியும்லா, இவன் என்ன சொல்றதுன்னு ஒரு திமிரு.

அடுத்த ஞாயித்துக்கெழம அவ கோயிலுக்குப் போனா. நான் ஸ்டோர்லருந்து பால் கொண்டாந்து, வால்வுக்குள்ள இருக்குற ஊசியக் கழட்டி, ஒரு குழாய வச்சு முன்னால ஒரு அரப் போத்தல், பின்னால ஒரு அரப் போத்தல் ஊத்திட்டேன். காத்தடிச்சு, தொடைச்சு, நிறுத்துன எடத்துலயே நிறுத்திட்டேன்.

பலிச்சுதுங்க! ஒரு பஞ்சர் இல்ல. டயர்ல ஆணி ஏறி நிக்குது, காத்து எறங்கல. எனக்குக் காலு தரையில பாவல. இப்ப சொல்லக் கூடாது, வேல நிரந்தரமான அன்னிக்குச் சொல்லி அசத்தணும்னு வச்சிருந்தேன்.

மூணாவது நாள் சாயங்காலம் அவ வந்து, "ஏங்க, நாப்பதுல போனா ஹெண்டல் ஆடுதுங்க"ன்னா.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்"னேன்.

மறுநாளும் சொன்னா. அதுக்கு மறுநாளும். "ரோடு ஆடுதா, நீ ஆடுறியா புள்ள?"ன்னு பக்கத்து வீட்டுக்காரங்க முன்னாலயே கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவ சிரிக்கல. எனக்குச் சந்தேகமே வரலன்னு சொன்னா என் நாக்கு அழுகிரும். வந்துச்சு. பால் ஒரு பக்கமா உறைஞ்சிருக்குமோன்னு வந்துச்சு. வந்தத அமுக்கிட்டேன். ஒத்துக்கிட்டா செயினு கதைதான் திரும்பவும். ஸ்டோர்க்காரனுக்குப் பால் தெரியலன்னு ஊரே பேசும். அத விட அவ ஆட்டம் எனக்குச் சின்னதாத் தெரிஞ்சுது. இதுதான் நான்.

ஒரு வாரத்துல அவ வாய மூடிக்கிட்டா. ஆட்டத்தப் பத்திப் பேச்சே இல்ல. சரி, ஓட்டப் பழகிக்கிட்டான்னு நெனச்சேன். ஆறு மணிக்குக் கிளம்புறவ அஞ்சரைக்கே கிளம்ப ஆரம்பிச்சா. வேலையில அக்கறன்னு நெனச்சேன். எஞ்சின மிதிச்சுட்டு உடனே போக மாட்டா, என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் நிப்பா. எஞ்சின் சூடாவட்டும்னு நிக்கிறான்னு நெனச்சேன். நான் வாசல்ல நின்னுக்கிட்டு, "பத்திரமா போயிட்டு வா புள்ள"ம்பேன். தலைய ஆட்டிட்டுப் போவா.

பால் ஊத்தி நாலு வாரம் கழிச்சு, ஞாயித்துக்கெழம, அக்கா வீட்டுல விருந்து. ரெண்டு பேரும் கிளம்புறோம். இப்பல்லாம் அவ ஓட்டுனா மாட்டு வண்டி மாதிரி இருபதுலதான் போவா. "விருந்து முடிஞ்சு எலைய எடுக்குறப்பதான் போய்ச் சேருவோம்"னு கிண்டல் பண்ணேன். சாவிய என் கையில குடுத்தா. "நீங்களே ஓட்டுங்க"ன்னா. குடுத்த கைய ஒடனே எடுக்கல. என்னையே பாத்தா. நான் சாவிய வாங்கிக்கிட்டு ஏறி உக்காந்தேன்.

செம்மண் ரோடு முடியிற வரைக்கும் ஒண்ணுமில்ல. தார் ரோட்டுல ஏறுனதும் ஓட்டிக் காட்டுறேன் பாருன்னு முறுக்குனேன். முப்பத்தஞ்சுல கையில ஒரு நடுக்கம். நாப்பதுல கூடத்தோட சேத்து வீடே ஆடுது. ஹெண்டல் என் புடிய மீறி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அடிக்குது. எதுக்க கல்லு ஏத்துன லோரி. பின்னால இருந்து அவ, "பிரேக்க அமுக்காதீங்க! முறுக்குனத மட்டும் விடுங்க!"ன்னு கத்துறா. முறுக்குனத விட்டேன். லோரிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே என் முழங்கைய உரசுற மாதிரி போறான். நாங்க புல்லுக்குள்ள எறங்கி, பெரிய காவாய்க்கு ரெண்டடி முன்னால நின்னோம். நான் ஹெண்டல விடாம புடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன். அவ எறங்கி, புடவைய உதறிக்கிட்டு, "வாங்க, தள்ளுவோம்"ன்னா. அவ்வளவு நிதானமா.

அந்த நிதானந்தான் எனக்கு லோரிய விடப் பயமா இருந்துச்சு.

தள்ளிக்கிட்டே அந்த டயர் கடைக்குப் போனோம். தவ்கே முன் டயரக் கழட்டிக் கையில தூக்குனாரு. ஒரே எடத்துல மட்டும் தேஞ்சு, உள்ள இருக்குற நூலு தெரியுது. டியூப்ப அழுத்திப் பாத்து, மூஞ்சியச் சுளிச்சு, கத்தியால ஒரு கீறு. குப்புன்னு நாத்தம். உள்ள என் உள்ளங்கை அகலத்துக்குக் கட்டிப்பால், டியூப்போட ஒரே பக்கத்துல கல்லு மாதிரி ஒட்டிக் கெடக்கு. வால்வோட பித்தளையெல்லாம் பச்ச பூத்திருக்கு. பின்னால இருந்த டியூப்பும் அதே கதை.

"சியாப்பா பூவாட்?" யாரு செஞ்சதுன்னு கேக்குறாரு. அவளப் பாத்து, "லக்கி லா நீ. இது செஞ்சவன் உன்னச் சாவடிக்கப் பாத்திருக்கான்"னாரு.

நான் தரையப் பாக்குறேன். அவ சொல்றா: "தெரியல தவ்கே. வேற எதாவது கடையில ஊத்தியிருப்பாங்க."

அவர் புது டியூப் எடுக்க உள்ள போனாரு. "உனக்குத் தெரியுமா?"ன்னேன்.

"ஒரு வாரத்துலயே தெரியும். பெட்ரோல் போடுற எண்ணெய்க் கடையில காத்தடிக்கப் போனேன், விரல்ல பால் தெறிச்சுது. எனக்குத் தெரியாத நாத்தமா அது? நானும் காட்டுல வேல செஞ்சவதான."

"தெரிஞ்சுமா ஓட்டுன? தெரிஞ்சுமா இன்னிக்கு என் பின்னால ஏறுன?"

"இருபதுல போனா ஆடாது. அதான் அஞ்சரைக்கே கிளம்புனேன்."

"கடைக்குக் கொண்டு போயிருக்கலாம்ல! என்கிட்ட கேட்டிருக்கலாம்ல!"

"கேட்டேனே. ஆடுதுன்னு சொன்னேனே. ஊரக் கூட்டிச் சிரிச்சீங்க." அப்பதான் அவ கொரலு ஒடைஞ்சுது. "அப்புறம் கேக்கப் பிடிக்கல. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். தெனமும் காலையில பாத்தேன். இன்னிக்குச் சாவியக் குடுக்கும்போதும் பாத்தேன்."

தவ்கே டியூப்போட வந்தாரு. "நான்தான் ஊத்துனேன்"னு சொன்னேன். யாருகிட்ட சொன்னேன்னு எனக்கே தெரியல. அவர் என்னை ஏற எறங்கப் பாத்துட்டு வேலையப் பாத்தாரு. ரெண்டு புது டியூப், முன்னால ஒரு புது டயர். சக்கரத்தத் தூக்கிச் சுத்தி விட்டாரு, ஒரு பக்கமும் இழுக்காம நின்னுச்சு. வீட்டுக்கு அவதான் ஓட்டிக்கிட்டு வந்தா.

அன்னிக்குப் பூரா கணக்குப் போட்டேன். அவ வாய மூடிக்கிட்ட பிறகு மட்டும் பதினெட்டு காலை. பதினெட்டு காலையும் எஞ்சின மிதிச்சுட்டு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னிருக்கா. நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவ எறங்கியிருப்பா. நான் பத்திரமா போன்னு சொல்லி அனுப்பி வச்சிருக்கேன், பாவி.

மறுநாள் காலையில ஆறு மணிக்குக் கிளம்புனா. நான் அஞ்சு மணிக்கே எழுந்து வாசல்ல நிக்கிறேன். சொல்ல எவ்வளவோ வச்சிருந்தேன். துப்பட்டாவ இடுப்புல சொருகி ஒரே மிதி மிதிச்சா. எஞ்சின் பேசுச்சு. அவ நிக்கல, என் பக்கம் பாக்கவும் இல்ல. நேரா போயிட்டா.