எஞ்சின் கொட்டகையில் மூன்று கோடை

எஞ்சின் ஓட்டுகிறவனுக்கு வருஷத்தில் இரண்டே காலம்தான்: ஒன்று கோடை, இன்னொன்று கோடைக்காக எஞ்சினைத் தயார் செய்யும் காலம். தகரக் கூரைக்குக் கீழே எஞ்சினோடு சேர்ந்து வெந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் பாதி சொல்லும்போதே மீதி உங்களுக்குப் புரிந்துவிடும்.

யுத்தம் நடந்த வருஷங்கள் அவை. மைசூருக்குள் தெருவெல்லாம் கரண்ட் விளக்கு. நஞ்சன்கூடு போகிற சாலையில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிவரை கம்பி வந்து சேரவில்லை. ஆபரேஷன் விளக்கு, எக்ஸ்ரே மெஷின், கிணற்றுப் பம்பு எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய் எஞ்சின், ஒரே டைனமோ. அதற்கு ஒரே ஆள், மார்டள்ளி ஆரோக்கியசாமி ஆகிய நான்.

கொட்டகை

வேலைக்குச் சேர்ந்த அன்று ஆஸ்பத்திரிக் கணக்கு எழுதும் ரைட்டர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வார்டுகளைத் தாண்டி, சமையல் கட்டைத் தாண்டி, சலவைக் கல்லையும் தாண்டி நடந்தோம். சத்தம் நோயாளிகளுக்கு ஆகாது என்று காம்பவுண்டின் கடைசி மூலையில் எஞ்சினை வைத்திருந்தார்கள். நாலு பக்கமும் தகரம், மேலேயும் தகரம். மேற்கே பார்த்த வாசல்.

எஞ்சினுக்குத் தண்ணீர்த் தொட்டி உண்டு. சிலிண்டரின் சூட்டை அந்தத் தண்ணீர்தான் சுற்றி வந்து வாங்கிக்கொள்ளும். ஆனால் தொட்டியே வெயிலில் நின்றது. "பக்கத்தில் ஒரு மரம் இருந்தால் தேவலையே" என்றேன். ரைட்டர் யோசிக்கவே இல்லை.

"இருந்துச்சப்பா, பெரிய புங்க மரம். இந்தக் கொட்டகை போடத்தான் வெட்டினோம்."

தேவம்மாவின் குடம்

காலை பத்து மணிக்கெல்லாம் தொட்டித் தண்ணீர் நன்றாகச் சுட்டுவிடும். வார்டு ஆயா தேவம்மா அதைக் கண்டுபிடித்தாள். வார்டுத் துணி ஊறவைக்க வெந்நீர் வேண்டும், விறகோ கிடைப்பதில்லை. நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: ஒரு குடம் சூடு எடுத்தால் ஒரு குடம் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எஞ்சினுக்கும் அது நல்லது.

அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்குக் கன்னடம் கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் எஞ்சின் சத்தத்தில் காதில் விழாது. அவள் வார்டில் நடந்ததையெல்லாம் கையாலும் முகத்தாலும் சொல்வாள். யாருக்குக் காய்ச்சல் விட்டது, யார் கஞ்சி வேண்டாமென்று தள்ளினார்கள், எல்லாம் தெரிந்துவிடும். பத்து மணிக்குள் முகம் கழுவி, எண்ணெய்ச் சட்டையை மாற்றிக்கொள்ளும் பழக்கம் எனக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. அவளுக்கு என் அக்காள் வயது. ஒரு நாளில் என் முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான், அவ்வளவே.

தொட்டித் தண்ணீரில் எண்ணெய் வாடை அடிக்கிறது என்று நர்சம்மா கண்டுபிடித்தார். அன்றைக்குத் தேவம்மா குடமில்லாமல் வந்தாள். நாளை முதல் வரமாட்டாளாம். எஞ்சினையும் மீறிக் கேட்கட்டுமென்று என் காதருகே கத்திச் சொன்னாள்.

"நாளெயிந்த பரோதில்லா, அண்ணா!"

நீலத் தண்ணீர்

இரண்டாம் கோடையில் கிணறு வற்றி, பம்பு சேற்றை இழுத்தது. அந்த நேரம் பார்த்துப் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு அவசர ஆபரேஷன். பிள்ளை குறுக்கே கிடக்கிறது. டாக்டரம்மா அவள் வயிற்றைத் திறந்துவிட்டார்.

நான் தொட்டியில் கை வைத்தேன். சாதாரணமாக அஞ்சு எண்ணும்வரை வைத்திருக்கலாம். அன்றைக்கு ஒன்று எண்ணவில்லை, கை தானாக வந்துவிட்டது. தண்ணீர் ஆவியாகிப் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டினால் பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். நிறுத்தினால் அங்கே விளக்கு அணையும். பியூன் ஓடி வந்து, நிறுத்தாதே நிறுத்தாதே என்று இரண்டு கையையும் ஆட்டினான்.

ஆபரேஷன் அறை தவிர மற்ற எல்லா ஸ்விட்சையும் அணைத்தேன். எஞ்சினைத் தனியே விட்டுவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் தண்ணீர் மிச்சமிருந்த இடம் சலவைத் தொட்டி ஒன்றுதான். வெள்ளைத் துணிக்குப் போட்ட நீலம் கலங்கிய தண்ணீர். சலவைக்காரர் வாயைத் திறக்குமுன் இரண்டு வாளி மொண்டுகொண்டேன். வந்தும் மொத்தமாக ஊற்ற முடியாது. கொதிக்கிற எஞ்சினில் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் சிலிண்டர் வெடித்துப்போகும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். ஏழு நடை நடந்தேன். ஒவ்வொரு நடையிலும் திரும்பி வரும்போது சத்தம் நின்றுவிட்டதா என்று காதைத் தீட்டிக்கொண்டே வந்தேன்.

விளக்கு அணையவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பிள்ளையின் அழுகை எல்லாருக்கும் கேட்டதாம், எனக்குத்தான் கேட்கவில்லை. மறுநாள் பிள்ளையின் தகப்பனார், மைசூரில் வாத்தியார் வேலை பார்க்கும் தமிழர், வார்டிலிருந்து அத்தனை தூரம் வெயிலில் நடந்து என் கொட்டகைக்கு வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"ஸ்வல்ப நேரம் இதை நிறுத்தக் கூடாதா, மிஸ்திரி? குழந்தை இப்பத்தான் கண் அசந்திருக்கு."

மாதையன்

ஹனூர்ப் பக்கத்து விவசாயி மாதையன். அவன் பெண்சாதி உள்ளே வார்டில் இருந்தாள். வயிற்றில் கட்டி. தினமும் உச்சிவெயிலில் கொட்டகைக்கு வந்து, டைனமோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான். மனிதர் யாருமே நிற்க முடியாத சூட்டில் ஒருத்தன் வந்து உட்கார்ந்தானே என்று எனக்கு ஏக சந்தோஷம். நம் ஊர்ப் பக்கத்து ஆள், எஞ்சின் பிடித்துப்போய்விட்டது போல என்று நினைத்தேன். அவனுக்கென்று ஒரு சாக்கை மடித்துப் போட்டு வைத்தேன். மோர் வாங்கி வைத்தால் பாதியை அவனுக்குக் கொடுத்தேன். பேச முடியாது, சும்மா இருப்போம்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, சூட்டில் தளர்ந்திருந்த பெல்ட் சக்கரத்தை விட்டு நழுவியது. எஞ்சினை நிறுத்தினேன். சத்தம் அடங்கிய அந்த நொடியில், பின்னாலிருந்து ஒரு மனிதன் வாய்விட்டு அழுவது கேட்டது. வாயைப் பொத்திக்கூட அழவில்லை. இத்தனை நாளும் அப்படித்தான் அழுதிருக்கிறான், நான் முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். தான் அழுவது தன் காதிலேயே விழுந்ததும் திடுக்கிட்டு நிறுத்தினான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பக்கத்தில் போய்த் தோளில் கை வைக்கலாமா என்று நின்றேன். அவன் என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"நிறுத்தாதீங்கண்ணா. ஓடட்டுமுங்க."

ஒரு வார லீவு

மூன்றாம் கோடை முடிந்து எஞ்சினைப் பிரித்துக் கரி சுரண்டி, பேரிங் மாற்றிய பிறகு முதல் முறையாக ஒரு வாரம் லீவு கிடைத்தது. பெட்ரோல் கிடைக்காமல் கரி வாயுவில் ஓடிய பஸ்ஸில் கொள்ளேகால், அங்கிருந்து மாட்டு வண்டி, கொஞ்சம் நடை. மார்டள்ளி போய்ச் சேர இருட்டிவிட்டது. நான் வேலைக்கு வந்த வருஷம் கைக்குழந்தையாயிருந்த மகள் இப்போது வாசலில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"யாரு வந்திருக்காங்க பாரு, தங்கம்!" என்றேன். கொட்டகையில் பேசுகிற குரல்தான் வந்தது, எனக்கு அது தெரியவில்லை. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. என் பெண்சாதி மேரி, "ஏனுங்க, மெதுவாப் பேசுங்க" என்று சொல்லி முடிக்குமுன் பிள்ளை ஓடிப்போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டாள். வாங்கி வந்த மிட்டாயை நீட்டினேன். சேலையிலிருந்து கையை எடுக்காமலே அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, இந்த மாமா எதுக்கு நம்மள வையறாரு?"

மூன்று கோடையில் நான் கற்றது இவ்வளவுதான்: எஞ்சின் சூடானால் தண்ணீர் ஊற்று, பெல்ட் தளர்ந்தால் இழுத்துக் கட்டு, பேரிங் தேய்ந்தால் மாற்று என்று எல்லாவற்றுக்கும் வழி போட்டு எஞ்சினோடு வந்த கம்பெனிப் புத்தகத்தில், எஞ்சின்காரன் என்று ஒருவன் பக்கத்தில் நிற்பதாகவே ஒரு வரியும் இல்லை.