தசராவுக்குப் பிறகு விதைப்பது

தக்காளிச் செடியைத் தொட்டுவிட்டுக் கையைக் கழுவாமல் இருந்து பார்த்திருக்கிறீர்களா? இலையின் பச்சை வாசனை விரலில் ஒட்டிக்கொண்டு மத்தியானம் வரை கூடவே வரும். இன்று காலை அப்படித்தான் கை கழுவ மறந்து ரயிலேறிவிட்டேன். செம்பூரில் ஏறி வாஷியில் இறங்குவதற்குள் நாலு முறை விரலை மோந்து பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பம்பாய் ரயிலில் ஒருவர் தள்ளி உட்காருவது பெரிய மரியாதை. வாங்கிக்கொண்டேன்.

அந்த வாசனை என் அப்பாவினுடையது. அவர் கோட்டைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. வாரத்தில் ஆறு நாள் வெள்ளைச் சட்டை, ஞாயிறு மட்டும் முண்டா பனியனும் கையெல்லாம் சேறும். எங்கள் வீடு தரைத்தளம். சமையலறைக் கதவைத் திறந்தால் பின்பக்கம் காம்பவுண்டுச் சுவர் வரை ஒரு கட்டில் அகலத்துக்கு மண். அவ்வளவுதான். அதை அப்பா ‘நம்ம தோட்டம்’ என்பார். அம்மா ‘அந்தச் சந்து’ என்பாள்.

மாட்டுங்காவில் வாங்கிய தமிழ்க் காலண்டர்தான் அப்பாவுக்கு வேளாண்மைத் துறை. ஆடி பிறந்ததும் அவரை விதையை ஊறவைத்துவிடுவார். ஆடி என்றால் இங்கே எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தண்டவாளம் முழுகி, பள்ளிக்கூடம் லீவு விடுகிற மழை. அந்த மழையில் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து விதை போடுவார்.

“ஏட்டி, இங்க வந்து பாரு. ஒங்கப்பா விதைக்கல, மிதக்க விடுதாவ” என்பாள் அம்மா.

மாடி வீட்டு மராத்திக்காரி ஷிந்தே காக்கூவும் ஜன்னல் வழியே கத்துவாள். “அண்ணா, அபி நஹி! தசரா ஹோனே தோ!” தசரா முடியட்டும், இப்போது வேண்டாம் என்று ஒவ்வொரு வருடமும் சொன்னாள். அப்பா ஒவ்வொரு வருடமும் தலையாட்டிவிட்டு ஆடியிலேயே போட்டார். ஒரு வருடம் எங்கள் சந்தில் ஒன்றும் முளைக்கவில்லை. அடுத்த கட்டடத்துச் சாக்கடை ஓரம் ஒரு அவரைக்கொடி அமோகமாக ஏறிக் காய்த்தது. அது நம்முடையதுதான் என்று அப்பா சாதித்தார். போய்ப் பறித்து வரவும் பார்த்தார். அம்மா விடவில்லை.

கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார். ஆடியில் காலண்டருக்காக ஒரு பிடி, தசராவுக்குப் பிறகு வயிற்றுக்காக ஒரு பிடி. இரண்டாவது பிடிதான் எங்களைக் குளிர்காலம் முழுக்கச் சாப்பிட வைத்தது. குளிர்காலம் என்று சொன்னால் வடக்கத்திக்காரர்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு அது ஸ்வெட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து, அந்துருண்டை வாசனையோடு போட்டுக்கொண்டு, ஒன்பது மணிக்கு வியர்த்துக் கழற்றுகிற காலம். அப்போது சந்துக்குள் வெயில் சாய்வாக இறங்கும். படியில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரிப்போம். பாதி பட்டாணி வாய்க்குள் போகும். வெந்தயக்கீரை, தக்காளி, ஒரு வரிசை செண்டுமல்லி, ஓரத்தில் அப்பா நட்ட கறிவேப்பிலை மரம். சாம்பார் கொதிக்கும்போது அம்மா கதவைத் திறந்து, கையை மட்டும் நீட்டி ஒரு கொத்து ஒடிப்பாள்.

அந்த மரத்தைப் பற்றிச் சொல்லாமல் நழுவிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

போன மழைக்காலத்தில் என் மகளுக்கு டெங்கு வந்தது. பதினேழு வயது. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒவ்வொரு காலையும் ரத்தத் தட்டணு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் மாற்றுத் துணி எடுக்க, நான் இன்றும் குடியிருக்கிற இதே வீட்டுக்கு வந்தேன். எங்கள் குடியிருப்புச் சொசைட்டியின் செக்ரட்டரி வாசலிலேயே நின்றார். “மேடம், போலா தா நா? ஏ கார்டன் கா மச்சர் ஹை” என்றார். அப்போதே சொன்னேனே, தோட்டத்துக் கொசு என்று.

வாட்ச்மேனிடம் அரிவாள் வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். அப்பாவுக்குப் பிறகு நான் வைத்த தொட்டிகளைக் கவிழ்த்து உடைத்தேன். அவற்றிலிருந்த மல்லிகையைப் பிடுங்கினேன். கறிவேப்பிலையை வெட்டினேன். வேரையும் தோண்டச் சொல்லி வாட்ச்மேனை விரட்டினேன். பிறகு குளித்து, மகளின் துணியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

இரண்டு நாள் கழித்துக் கொசு ஒழிப்புக்காரர்கள் வந்து டார்ச் அடித்துக் கட்டடம் முழுக்கத் தேடினார்கள். எங்கள் சந்தில் ஒன்றுமில்லை. மொட்டை மாடியில், ஒழுகலுக்காகச் சொசைட்டியே விரித்திருந்த நீலத் தார்பாயின் மடிப்புகளில் தண்ணீர் தேங்கி, புழு நெளிந்தது. மகளைக் கொசு எங்கே கடித்ததோ, காலேஜிலோ ஸ்டேஷனிலோ, யார் கண்டார்கள். நான் மரத்தை வெட்டினது மட்டும் நிச்சயம்.

நவம்பரில் அவள் தேறினாள். குச்சி மாதிரிக் கையோடு ஒரு காலை பின்கதவைத் திறந்து வெயிலில் உட்கார்ந்தாள்.

“அம்மா, தாத்தாவோட மரம் எங்க? காட் தியா க்யா? வெட்டிட்டியா?”

“ஆமா.”

“ஏன்?”

“பயம்.”

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிறகு உள்ளே போய் அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு கை வெந்தயம் எடுத்து வந்து மண்ணில் தூவினாள். “தசரா முடிஞ்சாச்சுல்ல? டென்ஷன் மத் லே” என்றாள், கவலைப்படாதே என்று. நாலாம் நாள் முளைத்துவிட்டது.

இந்தப் பொங்கலுக்கு முந்தின வாரம் செக்ரட்டரி ஒரு காகிதத்தோடு வந்தார். பின்பக்க மண் முழுவதையும் மூடி டைல்ஸ் போட்டு ஸ்கூட்டர் நிறுத்தப் போகிறார்களாம். தரைத்தளத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. “மேடம், ஆப்கீ பேட்டி கோ ஹீ தோ ஹுவா தா” என்றார். உங்கள் மகளுக்குத்தானே வந்தது?

“அதனாலதான் போட மாட்டேன்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அப்புறம் இந்தியில் நிதானமாகச் சொன்னேன். மண் தண்ணீரைக் குடிக்கும் சாப், டைல்ஸ் குடிக்காது. முதலில் மாடிக்குப் போய் அந்தத் தார்பாயை எடுங்கள்.

அவர் என்னைப் பைத்தியம் என்று யாரிடமோ சொன்னதாகக் கேள்வி. சொல்லட்டும்.

இடது பக்கத்து வீட்டு மண்ணும் வலது பக்கத்து வீட்டு மண்ணும் இப்போது டைல்ஸுக்குக் கீழே இருக்கின்றன. அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. காக்கூ வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டாள். கறிவேப்பிலையைக் கடையில் கொசுறாக வாங்குகிறேன். போனவற்றில் எனக்கு மிகவும் வலிப்பது வேறொன்று. சின்ன வயதில் அந்தப் படியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்போம். கொசு கடிக்கும், பட்டென்று அடித்துவிட்டுப் பேச்சைத் தொடர்வோம். அந்த அலட்சியம் போய்விட்டது. இன்று காதருகே ஒரு ரீங்காரம் கேட்டால் போதும், கை நடுங்குகிறது.

நடுங்குகிற அந்தக் கையால்தான் நேற்று முள்ளங்கி விதை ஊன்றினேன். வரிசை கொஞ்சம் கோணல்.