ஒரே ஒரு எலும்புக்கு இடம்

ஆய்வகத்தில் எல்லாரும் அவளை "மனு அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். தடய அறிவியல் ஆய்வகத்தின் மரபணுப் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. மரபணுவைப் படிக்கும் இயந்திரம் படுத்துவிட்ட பிறகு, புதியதற்கு அரசு மானியம் கேட்டு மனு எழுதுவதே அவள் பிழைப்பாகிப் போனது. "இன்னிக்கு எந்த சாமிக்கு மனு, அக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

இயந்திரத்தில் லேசர் எரிந்துபோயிருந்தது. "இந்த மாடலுக்கு இப்ப பார்ட்ஸே வர்றதில்ல மேடம்" என்று கம்பெனி மெக்கானிக் கையை விரித்துவிட்டார். ஆனால் காவல் நிலையங்களிலிருந்து வரும் பொட்டலங்கள் நிற்கவில்லை. ஃப்ரீசர்கள் நிறைந்து, அரக்கு முத்திரை வைத்த உறைகள் அவள் மேஜைக்கடியிலும் குடியேறின. காலை நீட்டி உட்கார முடியாது.

அந்த ஃப்ரீசர்களில் ஒன்றில் ஒரு தொடை எலும்பு இருந்தது. கல்குவாரியில் கிடைத்தது. அது தன் மகளுடையதுதானா என்று கேட்டு ஒரு வெல்டர் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தார். வேலைக்குப் போன பெண் வீடு திரும்பவில்லை. அவருடைய ரத்த மாதிரியும் எலும்புக்குப் பக்கத்திலேயே பத்திரமாக இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லத்தான் வழியில்லை. தீப்பொறி பட்டுப் பொத்தலான சட்டையோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். சண்டை போடமாட்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"வீட்டுல அவ அம்மா இன்னும் தட்டு எடுத்து வைக்கிறாம்மா. வைக்காதன்னு நான் எதை வச்சு சொல்றது?" என்று ஒருநாள் கேட்டார்.

அன்று மானியத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். மாலைக்குள் இணையத்தில் ஏற்றியாக வேண்டும். எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டாள், ஒன்றைத் தவிர. ஆய்வகத்துக்குத் தரச் சான்றிதழ் இருக்கிறதா, இல்லையா? இயந்திரம் ஓடினால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் மானியம். மானியம் வந்தால்தான் இயந்திரம். போன இரண்டு தடவையும் இந்தக் கட்டத்தில்தான் மனு கவிழ்ந்தது.

இயக்குநர் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இருக்குன்னு போட்டுடும்மா. யாரு வந்து பாக்கப் போறாங்க? மெஷின் வந்ததும் சான்றிதழ் வாங்கிக்கலாம்."

"நான் கோர்ட்ல கூண்டேறி சத்தியம் பண்றவ சார். இதுல பொய் சொன்னேன்னு ஒரு வக்கீல் கண்டுபிடிச்சா, நான் கையெழுத்து போட்ட ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் கிழிப்பாங்க. உள்ள இருக்கிறவன் எல்லாம் வெளிய வந்துடுவான்."

"அப்போ வெளிய உக்காந்திருக்கிறவருக்கு என்ன பதில் சொல்லப் போற?"

அவள் "இல்லை" என்பதையே அழுத்தினாள். கூடவே, தங்கள் நிலைமையை விளக்கி ஒரு கடிதத்தையும் இணைத்தாள். அந்தத் தாய் எடுத்து வைக்கும் தட்டைக்கூட அதில் எழுதியிருந்தாள். அரசாங்கக் கடிதத்தில் அப்படியெல்லாம் எழுதும் வழக்கமில்லை. வெட்கத்தை விட்டு எழுதினாள்.

மனு தள்ளுபடி ஆனது. மானிய அலுவலகத்துக்குப் போன் போட்டு, "என் கடிதத்தைப் படிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"அது எங்க கைக்கே வராது மேடம். இல்லைன்னு போட்டாலே கம்ப்யூட்டர் தானா ஒதுக்கிடும்" என்றார் அங்கிருந்த எழுத்தர், மரியாதையாகவே.

போனை வைத்ததும் கல்லூரியில் படிக்கும் மகளைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. "கிளாஸ்ல இருக்கேம்மா, உனக்கு என்ன ஆச்சு?" என்று மூன்றாவது தடவை எடுத்த மகள் எரிந்து விழுந்தபோதுதான் உயிர் வந்தது. சுவரில் சாய்ந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வேறொரு ஊர் ஆய்வகத்தில் அவளோடு படித்த தோழி ஒருத்தி தலைமைப் பொறுப்பில் இருந்தாள். மானத்தைப் பார்க்காமல் அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

"எங்களுக்கே கழுத்து வரைக்கும் வேலைடி. உனக்காக ஒண்ணே ஒண்ணு பண்ணித் தர்றேன். ரெண்டாவது கேக்காத" என்றாள் தோழி.

ஒன்றே ஒன்று. ஃப்ரீசரைத் திறந்துவைத்துக்கொண்டு குளிர் முகத்தில் அடிக்க நின்றாள். ஒவ்வொரு உறைக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் காத்திருந்தார். பஸ்ஸுக்குக் காசில்லாமல் வர முடியாதவர்கள், வந்து கேட்கலாம் என்பதே தெரியாதவர்கள், கேட்கப் பயந்தவர்கள். வெல்டர் வந்து உட்கார்ந்ததால் அவருடையதை எடுக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. நியாயமில்லை என்றும் தெரிந்தது. நீதிமன்ற அனுமதி வாங்கி, அந்த எலும்பையும் அவர் ரத்த மாதிரியையுமே ஒரு காவலரோடு அனுப்பிவைத்தாள்.

முடிவு வந்தபோது அவரை உள்ளே அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்தாள்.

"அண்ணா, இது உங்க பொண்ணு இல்ல."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்திலேயே அணைந்தது. மகள் உயிரோடு இருக்கிறாள் என்று அந்தக் காகிதம் சொல்லவில்லையே. உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தவர் கடைசியில் கேட்டார்:

"அப்போ இது யாரு பொண்ணும்மா?"

"தெரியல."

"அவங்க அப்பா இங்க வரவே இல்லையா?"

அவள் தலையாட்டினாள். வரவில்லை. வந்து ரத்தம் கொடுத்திருந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்க இயந்திரம் இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவர் எழுந்து, மேஜைக்கடியில் இருந்த உறைகளை மிதிக்காமல் விலகி நடந்து வெளியே போனார்.

எலும்பு ஃப்ரீசருக்கே திரும்பியது. அடுத்த மானிய அறிவிப்பு வந்த அன்று, இயக்குநரே அதை அச்செடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். அதே கட்டம் அதே இடத்தில் இருந்தது. இந்தத் தடவை "இருக்குன்னு போடு" என்று அவர் சொல்லவில்லை. மனு அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, ஆய்வகத்தின் பெயரைத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.