கோடுபளே என்ற ஐந்தாவது கணினி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இது எனக்கு நடந்தது. பட்டப்பகலில், பெங்களூரு ஜெயநகரில், எங்கள் அலுவலகத்தில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யதீஷ் மேல் எனக்கு அடங்காத கோபம். கல்யாண வீடியோக்களைப் பாதுகாக்கும் எங்கள் மென்பொருளில் கோப்புகளைச் சேமிக்கும் புதிய நிரல் தொகுப்பை, லைப்ரரியை, சேர்ப்பது அவன் வேலை. பாதியில் விட்டுவிட்டு, வியாழக்கிழமையிலிருந்து ஆளைக் காணோம். போன் அணைந்திருந்தது. திங்கள் காலை வாடிக்கையாளர் முன் அது ஓடாவிட்டால் என் வேலை போய்விடும்.

"ஓடிட்டான்மா, சோம்பேறி. நீ முடிச்சுக் குடு," என்றார் முதலாளி ஸ்ரீவத்சா.

இந்த லைப்ரரியின் முறையில் கோப்பு ஒரே இடத்தில் இருக்காது. எல்லாக் கணினிகளும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் எழுத்துகள்தான் அதன் முகவரி. அதே எழுத்துகள் என்றால் அதே முகவரி; ஏற்கெனவே இருப்பதை மறுபடி ஏற்காது.

லைப்ரரியைச் சேர்த்து ஓட்டினேன். அலுவலகத்தின் நான்கு கணினிகள் தெரிய வேண்டும்.

ஐந்து தெரிந்தன.

ஐந்தாவதன் பெயர் 'கோடுபளே'. யதீஷின் வீட்டுக் கணினி. அவன் மேஜை டிராயரில் எப்போதும் கோடுபளே என்ற அந்த வளைய முறுக்குதான் இருக்கும்.

ஆக, துரை வீட்டில்தான் இருக்கிறார். போனை மட்டும் அணைத்து வைத்திருக்கிறார்.

சோதனைக் கோப்பில் வேண்டுமென்றே எழுதினேன்: 'யதீஷ், நீ ஒரு கோழை.'

திரையில் பதில் வந்தது: 'இந்தக் கோப்பு ஏற்கெனவே உள்ளது. இடம்: கோடுபளே.'

அதை நான் அப்போதுதான் எழுதினேன்...

இன்னொன்று எழுதினேன்: 'என் வயிற்றில் அடித்துவிட்டுப் போனவனே.'

'ஏற்கெனவே உள்ளது.'

மூன்றாவதாகத் தட்டினேன்: 'எங்கேடா இருக்கே?'

இதை ஏற்றுக்கொண்டது.

மின்விசிறி கரகரத்தது... டிக்.

கோடுபளேயிலிருந்து ஒரு கோப்பு.

'வீட்லதான்க்கா. யாரும் வரல.'

விளையாடுகிறானா? கன்னத்தில் ஒன்று விடும் ஆத்திரத்தோடு ஆட்டோ பிடித்து பனசங்கரியில் அவன் வீட்டுக்குப் போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. நாற்றம். வீட்டுச் சொந்தக்காரர் உடைத்தார்.

யதீஷ் மேஜையிலேயே சாய்ந்திருந்தான். இறந்து மூன்று நாளாகியிருந்தது.

அந்த அறைக்கு வியாழன் இரவே ஃப்யூஸ் போய்விட்டதாம். இன்னும் மாற்றவில்லை. கணினி இருண்டு கிடந்தது.

"பாவம்தான்மா. ஆனா வந்தவங்களைத் திருப்பி அனுப்ப முடியாது," என்றார் ஸ்ரீவத்சா, திங்கள் காலை. வாடிக்கையாளர்கள் முன்னால் அவரே மென்பொருளைப் பெரிய திரையில் ஓட்டினார்.

ஐந்து கணினிகள்.

டிக்.

'நெஞ்சு வலின்னு நடிக்காத. முதல்ல வேலையை முடி. அப்புறம் ஆஸ்பத்திரி.'

அழித்தார். அடுத்த கணினியிலிருந்து வந்தது. அழித்தார். அதற்கடுத்ததிலிருந்து வந்தது...

அவர் முகம் வெளுத்தது. என் அடையாள அட்டையை அவர் முன் வீசிவிட்டு வெளியே வந்தேன்.

புதன்கிழமைதான் போலீசார் யதீஷின் போனைத் திறந்தார்கள். வியாழன் இரவு 11.40. ஸ்ரீவத்சா அவனுக்கு அனுப்பிய கடைசிச் செய்தி. ஓர் எழுத்துகூட மாறவில்லை.

கோடுபளேயா? ஞாயிறு மாலையிலிருந்தே அது போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது. சாக்கில் கட்டி, அரக்கு முத்திரை வைத்து.