இங்கிலீஷ் கிராமமும் கராமா குமாஸ்தாவும்

அடுத்தவர் கையெழுத்தைப் படித்து வயிறு வளர்ப்பவர்களுக்குக் கண் டாக்டர்தான் குலதெய்வம். அந்தப் பாவத்தைச் செய்த நண்பர்களே, என் கதையையும் கேளுங்கள். துபாய் கராமாவில் எங்கள் ஆபீஸ். இங்கிலாந்தில் ஒரு குக்கிராமம் தன் பஞ்சாயத்தின் பழைய குறிப்பேடுகளை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தது. அவற்றை டைப் அடிப்பது என் டியூட்டி.

வாத்துக் குளம்

ராஜா, சண்டை என்று ஏதாவது வரும் என ஆவலாகத் திறந்தேன். முதல் பதினாறு பக்கமும் வாத்துக் குளத்தை யார் தூர்வாருவது என்ற சண்டை! பக்கத்து மேசை யாழ்ப்பாணத்து யோகா அக்காவிடம் காட்டினேன். அவர் சிரிக்கவே இல்லை.

“எங்கட ஊர்ச் சங்கமும் இப்பிடித்தான் தம்பி. எங்கட குளத்தில வாத்துதான் இல்லை.”

ஒரே புலம்பல்

அடுத்துக் குறிப்பேட்டில் வந்தார் ஒரு விவசாயி. மாதா கோயிலுக்குப் போகும் வயல் பாதை சேறாகக் கிடக்கிறது, சரளை கொட்டுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் அதே புகார். முப்பது வருஷம்! எனக்குப் பொறுக்கவில்லை. பத்தாவது தடவையிலிருந்து ‘முன் சொன்னபடியே’ என்று ஒற்றை வரி போட்டுத் தாண்டினேன். வேலை பறந்தது. ஹைதராபாத் மேனேஜர் முதுகில் தட்டினார்.

“சபாஷ் பாய், இப்படித்தான் ஜல்தி ஜல்தி முடிக்கணும்!”

பூட்டிய கேட்

ஒரு வாரத்தில் அந்த ஊர்ப் பஞ்சாயத்துச் செயலாளர் அம்மா வீடியோவில் வந்தார். அந்தச் சேற்றுப் பாதை வயலைப் புதிதாக வாங்கியவர், இங்கே பாதையே இருந்ததில்லை என்று கேட்டைப் பூட்டிவிட்டாராம். அம்மாவின் கணவர் கல்லறை அந்த மாதா கோயிலில்தான். சுற்றிப் போக மூன்று மைல், அவருக்கோ முழங்கால் வலி. புதன்கிழமை விசாரணை. பழைய கையெழுத்து அங்கே யாருக்கும் புரியாது; ஊரார் நடந்த பாதை என்று காட்ட எங்கள் டைப்பைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் ‘முன் சொன்னபடியே’!

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஞாயிறு லீவில் யோகா அக்கா வாசிக்க, ஒவ்வொரு புகாரையும் முழுசாக அடித்து அனுப்பினேன். ஆள் நடக்காத இடத்துக்கு எவன் சரளை கேட்பான்? விசாரணையில் அதுவே சாட்சியானது. வியாழனன்று அம்மா மறுபடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பூட்டு போய்விட்டது முத்து. காலையில் நானே நடந்து போய், ஒரு செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு வந்தேன்.”

ஊருக்குச் சரித்திரம் வேண்டுமென்றால் சலிக்காமல் புலம்ப ஓர் ஆளும், அதைச் சுருக்காமல் அடிக்க என்னைவிடப் பொறுமைசாலியான ஒரு குமாஸ்தாவும் இருந்தால் போதும்.