இரவல் ஹெல்மெட்

பேட்டைப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க். 'ஹெல்மெட் இல்லையேல் பெட்ரோல் இல்லை' என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்று காலை பெட்ரோல் போட்டுவிட்டு ஸ்கூட்டரை நகர்த்தினேன். பின்னால் பைக்கில் மனைவி, கைக்குழந்தையோடு நின்றவர் கூப்பிட்டார்.

"யக்கா, ஹெல்மெட்டக் கொஞ்சம் தாங்க. பெட்ரோல் போட்டுட்டுத் தந்துருதேன்."

கொடுத்தேன். அவர் தலையிலிருந்து அடுத்தவர் தலைக்குப் போனது, அங்கிருந்து இன்னொருவருக்கு. பெட்ரோல் போடுகிறவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கடைசியில் முதலாமவரே வாங்கி வந்து தந்தார்.

"ஒரு கீறல்கூட இல்லயே யக்கா, புதுசு கணக்கா வச்சிருக்கீய."

"நீங்களும் ஒண்ணு வாங்கிப் போடலாம்லா?"

"இங்கன சுத்தமல்லி வரைக்கும் போறதுக்கு எதுக்குக்கா?"

சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டார்.

அது என் அண்ணனுடைய ஹெல்மெட். போன ஆடியில், தச்சநல்லூர் வரைக்கும்தானே என்று அதை வீட்டில் வைத்துவிட்டுப் போனான். பிணமாகத்தான் வந்தான். கீறல் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

அடுத்த வாரமும் அதே பங்க்குக்குத்தான் போவேன். பெட்ரோல் போட மட்டும் ஹெல்மெட் வேண்டுகிறவர்கள் கமெண்டில் பெயரைப் போடுங்கள். வரிசைப்படி தருகிறேன்.